நாயோடு பிராக் நகரம்: போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

நாயை விமானத்தில் அனுப்ப ஆகும் செலவைக் கேட்டதும், "அந்தப் பணத்தில் நானே போய் வந்துவிடுவேனே" என்று மகளிடம் சொன்னேன். அவள் பதில் பேசவில்லை. மறுநாளே மணியைக் கால்நடை மருத்துவரிடம் அழைத்துப் போய்விட்டாள்.

மணி விலை கொடுத்து வாங்கிய நாய் அல்ல. பேராக்கில் என் அண்ணன் வேலை செய்த தோட்டத்தில், லயத்துக்குப் பின்னால் பிறந்த கம்போங் நாய். எங்கள் தாமான் வீட்டில் ஐந்து ஆண்டுகள் சங்கிலியிலேயே கிடந்தது. அதோடு பிறந்த இன்னொரு நாயையும் வளர்த்தோம். யாரோ விஷம் வைத்ததில் அது ஒரு ராத்திரியில் செத்துப்போனது. செக் குடியரசின் தலைநகரான பிராக்கில் மகளுக்கு வேலை கிடைத்தபோது, "மணியை இங்கே விட்டுவிட்டுப் போகமாட்டேன்" என்று அவள் ஒற்றைக் காலில் நின்றதற்கு அதுதான் காரணம்.

நான்கு ஆண்டுகள் கழித்து, போன மே மாதம், நானும் மனைவியும் அவளைப் பார்க்கப் போனோம். பத்து நாள் தங்கினோம். பகலில் அவள் வேலைக்குப் போய்விடுவாள். எங்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டும் வேலை மணிக்கு. மணியைக் கட்டி மேய்க்கும் வேலை எங்களுக்கு. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற குடும்பங்கள் நம்மிடையே இப்போது நிறைய. வீட்டு நாயையும் கூட்டிப் போகலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஊசிக்கு முன் சிப்

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் நாயைக் கொண்டுபோக மூன்று விஷயங்கள் கட்டாயம். தோலுக்கடியில் மைக்ரோசிப், வெறிநாய்க்கடித் தடுப்பூசி, அரசாங்கக் கால்நடை அதிகாரியின் ஒப்புதலோடு கூடிய சுகாதாரச் சான்றிதழ். இவற்றை எந்த வரிசையில் செய்கிறோம் என்பது முக்கியம். முதலில் சிப், அதற்குப் பிறகுதான் ஊசி. சிப் பொருத்துவதற்கு முன்பு போட்ட ஊசி கணக்கில் வராது. எந்த நாய்க்குப் போட்டது என்பதற்கு அப்போது அடையாளம் இல்லையே. மணிக்கு ஏற்கெனவே ஊசி போட்டிருந்தும், சிப் வைத்த பிறகு மறுபடியும் போடவேண்டியதாயிற்று.

குட்டியாக இருந்தால், பிறந்து 12 வாரம் ஆகியிருந்தால்தான் ஊசி போடலாம். முதல் ஊசி போட்டு 21 நாள் கழிந்த பிறகுதான் பயணம். சுகாதாரச் சான்றிதழை நாய் அங்கே போய் இறங்குவதற்கு முந்திய 10 நாளுக்குள் எடுக்கவேண்டும். முன்கூட்டியே எடுத்துப் பத்திரமாகப் பெட்டியில் வைத்தால் உதவாது. புறப்படும் நாட்டைப் பொறுத்து, ஊசி வேலை செய்கிறதா என்று காட்டும் இரத்தப் பரிசோதனையும் கேட்பார்கள். அந்தப் பரிசோதனை தேவைப்படும் நாடாக இருந்தால், இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்கவேண்டும். நாடுகளின் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், டிக்கெட் வாங்குவதற்கு முன்பே கால்நடைச் சேவைத் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. நாயும் அதன் சொந்தக்காரரும் ஐந்து நாள் இடைவெளிக்குள் பயணம் செய்யவேண்டும். அதைத் தாண்டினால், வியாபாரத்துக்கு அனுப்பும் விலங்குக்கான சட்டம் வந்துவிடும். அது வேறு தலைவலி.

கோலாலம்பூரிலிருந்து பிராக்கிற்கு நேரடி விமானம் கிடையாது. எங்காவது ஓர் ஊரில் மாறவேண்டும். மணி 14 கிலோ. விமானத்துக்குள் மடியில் வைத்துக்கொள்ளும் அளவு அல்ல. சரக்குப் பகுதியில் கூண்டில்தான் போனது. நாய் எழுந்து நிற்கவும், திரும்பவும், படுக்கவும் இடமுள்ள கூண்டாக இருக்கவேண்டும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுத் திணறல் வரும் ஆபத்து அதிகம். பல விமான நிறுவனங்கள் அவற்றை ஏற்பதே இல்லை. மகள் செய்த ஒரு புத்திசாலித்தனமான காரியம், பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே கூண்டை வாங்கி வீட்டுக்குள் வைத்து, மணிக்கு அதிலேயே சோறு போட்டது. புறப்படும் நாளில் அது தானாகவே உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. அதைப் பார்த்து அழுதது என் மனைவிதான்.

வாய்க்கூடு

போன முதல் நாள் காலையில், வெளியே கிளம்பும்போது மகள் ஓர் உறுப்படியை எடுத்துக் கொடுத்தாள். மாட்டுக்குப் போடுவோமே, அதுபோல ஒரு வாய்க்கூடு. "இது என்ன பாவம், வாயைக் கட்டுகிறாயே" என்றாள் மனைவி. பிராக்கில் டிராம், பேருந்து, மெட்ரோ எதில் ஏறினாலும், பையிலோ கூடையிலோ வைக்காத நாய்க்குக் கயிறும் வேண்டும், வாய்க்கூடும் வேண்டும். இரண்டும் இருந்தால் யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். ஒன்று இல்லையென்றாலும் இறக்கிவிடலாம்.

வாங்கும்போது துணிப்பட்டைபோல வாயை இறுக்கிக் கட்டுவதை வாங்காதீர்கள். கூடைபோல இடைவெளி உள்ளதாகப் பாருங்கள். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். கூடை வகையில் அது வாய் திறக்கும், தண்ணீரும் குடிக்கும்.

டிராமில் மணி என் காலடியில் படுத்திருந்தது. எதிரே ஒரு பாட்டி, கைத்தடியோடு. பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். யாரும் நகரவில்லை, யாரும் முகம் சுளிக்கவில்லை. பாட்டி மட்டும் குனிந்து செக் மொழியில் மணியிடம் ஏதோ கேட்டார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பத்து நாளும் இதே கதைதான்; அந்த ஊரில் நான் மணியின் ஆளாக மட்டுமே இருந்தேன்.

செக் குடியரசு ஐரோப்பாவிலேயே நாய் வளர்ப்போர் அதிகமுள்ள நாடுகளில் ஒன்று. ஆனால் சும்மா பாசத்தால் மட்டும் இது நடக்கவில்லை. 2020 ஜனவரி 1 முதல் அங்கே எல்லா நாய்களுக்கும் மைக்ரோசிப் கட்டாயம். வெறிநாய்க்கடி நோய் ஒழிந்த நாடாக 2004இலேயே அறிவிக்கப்பட்டும், தடுப்பூசி போடுவதை அவர்கள் விடவில்லை. பிராக்கில் நாய் வைத்திருப்பவர் வட்டார நிர்வாகத்துக்கு ஆண்டுக் கட்டணம் கட்டவேண்டும். ஓய்வூதியம் வாங்கும் முதியவர்களுக்குச் சலுகை உண்டு. பூங்காவுக்குப் பூங்கா, தெருவுக்குத் தெரு, கழிவு அள்ளும் பைகள் வைத்த பெட்டி நிற்கிறது. அள்ளாமல் போனால் அபராதம். குழந்தைகள் விளையாடும் மணல் திடலுக்குள் நாய் போகக்கூடாது. கயிற்றை அவிழ்த்துவிட்டு ஓடவிட வேண்டுமென்றால் அதற்கென்று ஒதுக்கிய புல்வெளிகள் இருக்கின்றன. லெட்னா, ஸ்ட்ரோமோவ்கா ஆகிய பெரிய பூங்காக்களில் மணி ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, ஐந்து வருடம் இதைச் சங்கிலியில் வைத்திருந்தோமே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

நம் நாட்டில் பல இனம், பல நம்பிக்கை. நாயைத் தொடக்கூடாதவர்களும் நம் அண்டை வீட்டார்தான். அதனால் பிராக்கைப்போல இங்கே எல்.ஆர்.டி.யில் நாயை ஏற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் கயிறு, ஊசி, உரிமம், அள்ளும் பை ஆகிய நான்குக்கும் எந்த இனமும் எதிர்ப்புச் சொல்லப்போவதில்லை. எங்கள் தாமானில் நாயால் வந்த சண்டைகளில் பெரும்பாலானவை இந்த நான்கில் ஒன்று இல்லாததால் வந்தவை. எங்கள் வீட்டுப் பங்கையும் சேர்த்தே சொல்கிறேன்.

பாலத்தில் ஒரு நாய்

பிராக் வல்தாவா ஆற்றின் இரு கரையிலும் வளர்ந்த நகரம். பழைய நகரப் பகுதியை 1992இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. போகிறவர்கள் எல்லாரும் முதலில் ஓடுவது சார்லஸ் பாலத்துக்குத்தான். மன்னர் நான்காம் சார்லஸ் 1357இல் அடிக்கல் நாட்டினார். ஒன்பதாம் தேதி, ஏழாம் மாதம், காலை 5 மணி 31 நிமிடம் என்று நேரம் குறித்துக் கொடுத்தார்களாம் சோதிடர்கள். ஆண்டு, நாள், மாதம், மணி, நிமிடம் எல்லாவற்றையும் வரிசையாக எழுதினால் 135797531. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றுதான். கதையாகவும் இருக்கலாம். ஆனால் முகூர்த்தம் பார்ப்பது நமக்கு மட்டும் சொந்தமில்லை என்று மனைவிக்கு ஒரே சந்தோஷம்.

சுமார் 516 மீட்டர் நீளம், 16 வளைவுகள். 1841 வரை ஊருக்கு ஆற்றைக் கடக்க இருந்த ஒரே பாலம் இதுதான். இரண்டு பக்கமும் 30 சிலைகள். அவற்றுள் முதலில் வைக்கப்பட்டது, 1683இல் நிறுவிய புனித ஜான் நெப்போமுக் சிலை. 1393இல் மன்னர் நான்காம் வென்செஸ்லாஸ் ஆணையால் இந்தப் பாலத்திலிருந்து ஆற்றில் வீசிக் கொல்லப்பட்ட பாதிரியார் அவர். பாவமன்னிப்பின்போது அரசி சொன்ன இரகசியத்தை மன்னர் கேட்டும் சொல்ல மறுத்தார் என்பது வழிவழியாக வரும் கதை. சிலையின் அடியில் இரண்டு வெண்கலத் தகடுகள். வலப்பக்கத் தகட்டில் அவரை ஆற்றில் தள்ளும் காட்சி. இடப்பக்கத் தகட்டில் ஒரு வீரன் நாயைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். மற்ற இடமெல்லாம் கறுத்திருக்க, அந்த நாய் மட்டும் பொன்போல மின்னுகிறது. போகிற வருகிறவர்கள் தொட்டுத் தொட்டுத் தேய்த்த பளபளப்பு. நம் கோயில் நந்தியின் முதுகு எண்ணெயில் மின்னுவதுபோல.

மணியைத் தூக்கி அந்த நாயின் எதிரே காட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

நாயோடு போகிறவர்கள் பாலத்துக்குக் காலை ஏழு மணிக்கு முன்பே போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் கூட்டம் நெரியும். யாராவது நாயின் காலை மிதிப்பார்கள். அது கத்தும், நீங்களும் கத்துவீர்கள். 1410ஆம் ஆண்டைச் சேர்ந்த வானியல் கடிகாரத்தின் எதிரே ஒவ்வொரு மணி நேரமும் கூடும் கூட்டமும் அப்படித்தான். நாங்கள் ஆளுக்கொரு முறையாகப் போய்ப் பார்த்தோம். அரண்மனை மண்டபங்கள், தேவாலயங்கள், அருங்காட்சியகங்கள் எல்லாவற்றுக்கும் அதே முறைதான். ஒருவர் உள்ளே, ஒருவர் மணியோடு வெளியே. உணவுப் பொருள் விற்கும் கடைகளுக்குள்ளும் நாயைப் பொதுவாக விடுவதில்லை. தனியாகப் போகிறவர் இதை யோசித்துத்தான் திட்டம் போடவேண்டும்.

பூனைத் தலை, உண்ணி, ஆறு

பழைய பிராக்கின் தெருக்கள் கருங்கல் பாவியவை. உருண்டையாகத் துருத்திக்கொண்டிருக்கும் அந்தக் கற்களுக்குச் செக் மொழியில் 'பூனைத் தலைகள்' என்று பெயர். என் முழங்காலுக்கும் மணியின் பாதத்துக்கும் அவை ஒரே மாதிரி வேலை கொடுத்தன. கோடை மதியத்தில் கல் சுடும். புறங்கையை ஐந்து வினாடி கல்மேல் வைத்துப் பாருங்கள்; உங்களால் தாங்க முடியாவிட்டால் நாயாலும் முடியாது. குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்க உப்பைத் தூவுவார்கள். வீட்டுக்கு வந்ததும் பாதத்தை வெந்நீரில் கழுவாவிட்டால் வெடித்துவிடும். நம் ஊர்க் குட்டை முடி நாய்க்குக் குளிர்காலத்தில் சட்டை அவசியம், அலங்காரத்துக்கு அல்ல.

மெட்ரோவில் ஒரு முறைதான் போனோம். நாமெஸ்தி மிரு என்ற நிலையம் 53 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அதன் மின்படிக்கட்டு 87 மீட்டர் நீளம், நம் ஊரை விட வேகம். நகரும் படிக்கட்டின் பல்லில் நாயின் விரல் மாட்டிக்கொள்ளும் என்பதால் தூக்கிக்கொள்ள வேண்டும். 14 கிலோ நாயைத் தூக்கிக்கொண்டு இரண்டு நிமிடத்துக்கு மேல் நின்று பாருங்கள். அன்றிலிருந்து எங்களுக்கு டிராம்தான். 22ஆம் எண் டிராம் ஆற்றைக் கடந்து, மாலா ஸ்ட்ரானா வழியாக அரண்மனை மேடுவரை போகிறது. நாய்க்கும் நமக்கும் ஏற்றம் மிச்சம்.

உண்ணி தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. ஆனால் அங்குள்ள உண்ணியை அலட்சியமாக நினைக்காதீர்கள். வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரை புல்லில் காத்திருக்கும். லைம் நோயையும் ஒருவகை மூளைக்காய்ச்சலையும் அது மனிதருக்குப் பரப்பும். ஐரோப்பாவில் அந்த மூளைக்காய்ச்சல் அதிகமாக வரும் நாடுகளில் செக் குடியரசும் ஒன்று. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. நீண்ட நாள் தங்குவோர் மருத்துவரிடம் கேட்கலாம். நாய்க்கு உண்ணி மருந்தைப் போகுமுன்பே போட்டுவிடுங்கள். ஒவ்வொரு மாலையும் காது மடிப்பு, அக்குள், விரல் இடுக்கு எல்லாம் தடவிப் பாருங்கள். கடித்திருந்தால், சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்கவேண்டும். மண்ணெண்ணெய் தடவுவது, நெருப்பு வைப்பது போன்ற நம் பழைய வைத்தியம் எதுவும் வேண்டாம்.

சார்லஸ் பாலத்துக்குக் கீழே, கம்பா என்ற தீவு. ஒரு சிறு கால்வாய்தான் அதைக் கரையிலிருந்து பிரிக்கிறது. மாலையில் அங்கே போய்ப் புல்லில் உட்காருவோம். கரையில் அன்னங்களும், பெருச்சாளியைப்போலப் பல மடங்கு பெரிய நியூட்ரியா என்ற விலங்குகளும் மனிதரிடம் வந்து ரொட்டி கேட்கும். முதல் நாள் மணி நியூட்ரியாவைப் பார்த்து இழுத்த இழுப்பில் என் தோள் கழன்றிருக்கும். நியூட்ரியாவின் பல் ஆரஞ்சு நிறம், உளிபோலக் கூர்மை. ஆற்றோரத்தில் கயிற்றை அவிழ்க்கவே வேண்டாம்.

அமைதியாகத் தெரிகிற ஆறுதான். 2002 ஆகஸ்ட் வெள்ளத்தில் இந்தக் கம்பா முழுகிப்போனது. மெட்ரோ சுரங்கங்களில் தண்ணீர் புகுந்தது. ஆற்றோரமாக இருக்கும் விலங்குக் காட்சிசாலையும் தப்பவில்லை. அங்கிருந்த கஸ்டோன் என்ற கடல்சிங்கம் வெள்ளத்தோடு வெளியேறி, வல்தாவாவிலிருந்து எல்பா ஆற்றுக்கு நீந்தி, ஜெர்மனிவரை போய்விட்டது. பிடித்துத் திருப்பிக் கொண்டுவர முயன்றார்கள், பிழைக்கவில்லை. காட்சிசாலையில் இப்போது அதற்குச் சிலை இருக்கிறது.

மேசைக்கடியில்

செக் மக்கள் பீர் குடிப்பதில் உலகப் புகழ் பெற்றவர்கள். பீர் கடைகளில் பெரும்பாலும் நாய்க்கு அனுமதி உண்டு. உட்கார்ந்ததும் நமக்கு முன்பாக நாய்க்கு ஒரு கிண்ணம் தண்ணீர் வந்துவிடும். மேசைக்கு மேசை ஒரு நாய் படுத்திருக்கும். ஒன்றுக்கொன்று குரைப்பதுகூட இல்லை. எனக்கு அப்பா காலத்துத் தோட்டத்துக் கள்ளுக்கடை ஞாபகம் வந்தது. அங்கேயும் பெஞ்சுக்கடியில் நாய்கள் கிடக்கும், எலும்புக்காகக் காத்துக்கொண்டு. தண்ணீர்க் கிண்ணம் மட்டும்தான் இல்லை.

இந்த ஊருக்கென்றே ஒரு நாய் இனமும் உண்டு. பிராக் எலிபிடி நாய் என்று சொல்லலாம். இரண்டரைக் கிலோ சுற்றித்தான் எடை. அரண்மனைகளில் எலி பிடிக்க வளர்த்ததாகச் சொல்கிறார்கள். அருகிப்போன இனத்தை 1980 வாக்கில் மீட்டெடுத்தார்கள். ஒரு நாள் டிராமில் ஒரு பெண்ணின் கைப்பையிலிருந்து எட்டிப் பார்த்தது. முதலில் நான் பொம்மை என்றே நினைத்தேன். 'ரோபோ' என்ற சொல்லை 1920இல் தம் நாடகத்தின் வழியாக உலகத்துக்குக் கொடுத்த காரல் சாப்பெக்கும் இந்த ஊரில் வாழ்ந்தவர்தான். அவர் 1933இல், தம் வீட்டு நாய்க்குட்டி டாஷென்காவைப் பற்றித் தாமே படம் எடுத்து, ஓவியமும் வரைந்து, குழந்தைகளுக்கு ஒரு புத்தகம் எழுதினார். இன்றும் செக் குழந்தைகள் படிக்கிறார்கள்.

திரும்பி வருவது

போவதைப்போலத் திரும்புவது எளிது என்று நினைக்கவேண்டாம். மலேசியாவுக்குள் நாயைக் கொண்டுவர இறக்குமதி அனுமதி முன்கூட்டியே எடுக்கவேண்டும். எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து, தனிமைப்படுத்தும் நிலையத்திலும் வைக்கவேண்டி வரலாம். சிங்கப்பூருக்கும் தனி அனுமதியும் உரிமமும் உண்டு. இரண்டு வார விடுமுறைக்காக நாயை இழுத்துக்கொண்டு போகாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். ஆண்டுக்கணக்கில் தங்கப் போகிறவர் தாராளமாகக் கொண்டு போகலாம்.

மணிக்கு இப்போது ஒன்பது வயது முடிந்துவிட்டது. முகவாய் நரைத்திருக்கிறது. கிளம்புவதற்கு முந்தின நாள், மகளோடு கால்நடை மருத்துவரிடம் போயிருந்தோம். இதயத்தில் இலேசாக ஓர் இரைச்சல் கேட்கிறது, இன்னொரு நீண்ட விமானப் பயணத்தைத் தவிர்ப்பது நல்லது என்றார். மகள் மொழிபெயர்த்துச் சொன்னாள். மனைவி கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "அடுத்த வருடம் இதே மாதம் டிக்கெட் என்ன விலை இருக்கும்?" என்று கேட்டாள்.

மாதம் முந்நூறு ரிங்கிட் ஒதுக்கிக்கொண்டிருக்கிறோம்.